சிறுத்தைப் பல்லியின் மார்ஃபை இனங்காண்பது எப்படி: கண்ணில் தொடங்கி நிறத்தில் முடியும் முழு வழிமுறை

லெப்பர்ட் கெக்கோ என்னும் சிறுத்தைப் பல்லியை வளர்க்கத் தொடங்குவோர் ஏறக்குறைய எல்லோரும் அதன் மார்ஃபுக்கு, அதாவது மரபு வழி வரும் நிற, கோல, கண் வகைக்கு, நிறத்தை முதலில் பார்த்துப் பெயர் சூட்டுகிறார்கள். பல்லியின் வயது, அறையின் வெப்பம், முட்டை அடைகாக்கப்பட்ட வெப்பநிலை, விளக்கொளி, கேமரா ஆகிய அனைத்தும் மாற்றக்கூடியது நிறம். அதனால் அது கடைசிச் சான்றாகவே இருக்க வேண்டும். கண், கறுப்பு நிறமி, உடலின் வடிவக்கோலம், அந்தக் கோலத்துக்கு அடியிலுள்ள தரைநிறம் என்ற வரிசையில் பார்த்தால் பெரும்பாலான குழப்பங்கள் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். கீழே உள்ள படிகளை அந்த வரிசையிலேயே செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. தொடங்கும் முன் சேர்த்து வைக்க வேண்டியவை

முதல் தேவை பெற்றோர் பற்றிய தகவல். தாய், தந்தை இரண்டின் படங்களும், அவை இதற்கு முன் ஈன்ற குஞ்சுகளின் விவரமும் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால் இனங்காணல் ஓர் எல்லைக்கு மேல் போகாது என்பதை இப்போதே ஏற்றுக்கொள்வது நல்லது.

இரண்டாவது, அதே பல்லியின் குஞ்சுப் பருவப் படங்கள். முட்டையிலிருந்து வந்த முதல் சில வாரங்களில் தெரியும் சில அடையாளங்கள் வளர்ந்த பல்லியில் அடியோடு மறைந்துவிடுகின்றன. அவற்றை வேறு எந்த வழியிலும் மீட்க முடியாது.

இவை தவிர ஒரு வெள்ளைக் காகிதம், சிறிய டார்ச், குறிப்பேடு, நெருங்கிப் படமெடுக்கக்கூடிய கைபேசி ஆகியவை போதும். முட்டை எந்த வெப்பநிலையில் அடைகாக்கப்பட்டது என்பது தெரிந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 26 முதல் 28 டிகிரி செல்சியஸில் அடைகாக்கப்படும் முட்டைகளில் பெண் குஞ்சுகளும், 31 முதல் 32 டிகிரியை ஒட்டி ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறப்பதை வளர்ப்போர் அறிவர். இதே வெப்பநிலை நிறத்தையும் தொடுகிறது: குளிர்ந்த அடைகாப்பில் குஞ்சுகள் கருமை கூடியும், வெப்பமான அடைகாப்பில் வெளிர்ந்து பளிச்சென்றும் வருகின்றன. இது மரபணு செய்யும் வேலை அன்று; ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு மரபணுவைப் போலவே தோன்றும்.

2. பல்லி இன்று பார்க்கத் தகுந்த நிலையில் இருக்கிறதா

தோலுரிக்கப் போகும் பல்லியைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது. உரிப்பதற்கு ஓரிரு நாள் முன்பே தோல் மங்கி, மேலே சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துவிடும். மஞ்சள் பல்லியும் அப்போது மஞ்சளே இல்லாத ‘ஸ்னோ’ வகை போலக் காட்சியளிக்கும். தோலுரித்து இரண்டு நாள் கழித்துப் பாருங்கள்.

குளிர்ந்திருக்கும் பல்லியும் அச்சத்தில் இருக்கும் பல்லியும் நிறம் மங்கிக் கறுத்திருக்கும். ஆகவே பல்லி தன் வெப்பப் பகுதியில் சிறிது நேரம் இருந்து உடல் சூடான பிறகு வெளியே எடுப்பது முறை. வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். பயந்தால் இது வாலைக் கழற்றிவிடும். திரும்ப முளைக்கும் வால் குண்டாக, வழவழப்பாக, பழைய கோலமும் நிறமும் இல்லாமல் வரும். அப்படி மறுபடி முளைத்த வாலை உடைய பல்லியில் வாலைச் சான்றாகக் கொள்ளவே இயலாது. வாலில் வளையங்கள் இல்லை என்பதைக் கண்டு, பட்டைகள் ஒழுங்கின்றி உடைந்த ‘ஜங்கிள்’ வகை என்று ஒருவர் எழுதி வைத்திருந்த பல்லியை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். வாலின் அடியில் மெல்லிய வெட்டுத்தடம் ஒன்று இருந்தது, அதற்குப் பின் இருந்ததெல்லாம் புதிதாக முளைத்த வால்.

வயதையும் குறியுங்கள். சாதாரண வகைக் குஞ்சு மஞ்சள் மேல் கருமையான குறுக்குப் பட்டைகளோடு பிறக்கிறது. முதல் ஓராண்டில் அந்தப் பட்டைகள் உடைந்து, சிதறி, நாம் சிறுத்தைப் புள்ளி என்று சொல்லும் புள்ளிகளாகின்றன. மூன்று மாதக் குஞ்சில் புள்ளி எண்ணுவது வீண்வேலை.

3. ஒரே ஒளியில் ஐந்து படங்கள்

சன்னலோரத்தில், நேரடி வெயில் படாத பகல் வெளிச்சத்தில், வெள்ளைக் காகிதத்தின் மேல் பல்லியை வைத்துப் படம் எடுங்கள். காகிதம் படத்தில் தெரிய வேண்டும், ஏனெனில் அது மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் பல்லியின் நிறமும் அதே அளவு பிறழ்ந்திருக்கிறது என்று உடனே புரிந்துவிடும். கைபேசியில் நிறத்தை மெருகூட்டும் வசதிகள் அனைத்தையும் அணைத்துவிடுங்கள்; ஃபிளாஷ் வேண்டாம்.

மேலிருந்து முழு உடல், இடது பக்கவாட்டு, வலது பக்கவாட்டு, தலையின் மேற்புறம், ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே நெருக்கத்தில் என்று எடுத்தால் போதுமானது. கண் படத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் ஐந்து ஆறாகும், அதனால் கேடில்லை. இரண்டு கண்களையும் எடுக்கச் சொல்வதற்குக் காரணம், ஒரு கண் ஒருவிதமாகவும் மற்றது வேறுவிதமாகவும் இருக்கும் பல்லிகள் உண்டு என்பதே.

4. முதலில் கண்ணைப் பாருங்கள்

சாதாரணக் கண்ணில் ஐரிஸ் சாம்பல் கலந்த பொன்னிறமாக, நுண்ணிய கருநரம்புகளோடு இருக்கும். நடுவில் கண்மணி செங்குத்தான கீற்றாகத் தெரியும். வெளிச்சம் கூடினால் அந்தக் கீற்று இழைபோல ஒடுங்கும். வெளிச்சம் குறைந்தால் விரிந்து, கண் முழுவதும் கறுப்பு என்று எண்ணும் அளவுக்கு ஐரிஸை மறைத்துவிடும்.

இங்கேதான் புதியவர்கள் மிகுதியாக வழுக்குகிறார்கள்; நானும் வழுக்கினேன். ஒரு மாலை மங்கிய விளக்கில் பார்த்த பல்லிக்குக் கண் முழுக் கறுப்பாக இருந்ததால் ‘எக்லிப்ஸ்’ என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். மறுநாள் நண்பகலில் அதே கண்ணில் பொன்னிற ஐரிஸும் அதன் நடுவே தலைமுடி அளவுக் கீற்றும் தெளிவாக நின்றன. அன்று முதல் கண்ணைப் பகலில் மட்டுமே பார்க்கிறேன். ஐயம் இருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து ஓரிரு நொடி மட்டும் காட்டுங்கள்: சாதாரணக் கண்ணில் கண்மணி சுருங்குவதும் அதன் ஓரமும் தெரியும், எக்லிப்ஸ் கண்ணில் ஓரமே தெரியாது. வெளிர்ந்த கண் உடைய பல்லிகள் ஒளியைத் தாங்கமாட்டா. அவற்றுக்கு இந்தச் சோதனை தேவையும் இல்லை.

முழுக் கறுப்புக் கண் கண்டுவிட்டால் மூன்று சாத்தியங்களை எண்ண வேண்டும். எக்லிப்ஸ் என்பது ஒடுங்கு பண்பு. அதாவது தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக அந்த மரபணுவின் இரண்டு படிகள் (பிரதிகள்) சேர்ந்தால்தான் வெளிப்படும். அதில் கண் முழுதும் கறுத்திருக்கலாம், அல்லது பாதி மட்டும் கறுத்து மீதி சாதாரணமாக இருக்கலாம். பின்னதைப் பாம்புக் கண் என்று வளர்ப்போர் சொல்வார்கள். மூக்கு நுனியும் பாதங்களும் வெளுத்திருப்பது எக்லிப்ஸுக்குத் துணைச் சான்று. இரண்டாவது சாத்தியம் ‘சூப்பர் ஸ்னோ’. அதற்கும் கண் முழுக் கறுப்பு, ஆனால் உடலைப் பார்த்த உடனேயே பிரித்துவிடலாம், அதை ஏழாம் படியில் சொல்கிறேன். மூன்றாவது, கோலமற்ற ‘பிளிசார்ட்’ வகையில் சிலவற்றுக்குக் கண் கருமையாக அமைந்துவிடுவது.

கண் முழுவதும் மாணிக்கச் சிவப்பாக, கண்மணியின் ஓரம் தெரியாமல் இருந்தால் அது எக்லிப்ஸும், உடலில் கறுப்பே இல்லாத அல்பினோவும் ஒரே உடலில் சேர்ந்ததன் விளைவு. வெளிர் சிவப்பு ஐரிஸின் நடுவே கண்மணி தனியே தெரிந்தால் அது அல்பினோ மட்டும். ‘பெல்’ வகை அல்பினோவின் ஐரிஸ் இயல்பிலேயே சிவப்புக் கூடியது என்பதால், அதைப் பார்த்துவிட்டு எக்லிப்ஸும் இருக்கிறது என்று நம்பிவிடுவோர் பலர். கண்மணி தனியே தெரிகிறதா என்ற ஒற்றைக் கேள்வி இந்த நம்பிக்கையைத் தீர்த்துவிடும்.

5. உடலில் எங்காவது உண்மையான கறுப்பு இருக்கிறதா

அடுத்த கேள்வி இதுதான். விடை ஆம் என்றால் அந்தப் பல்லி அல்பினோ அல்ல, எவ்வளவு வெளிர்ந்திருந்தாலும் சரி. அல்பினோவில் கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு, சந்தனம், இளஞ்சிவப்பு, ஊதா கலந்த பழுப்பு ஆகியவற்றில் ஏதோ ஒன்று இருக்கும். குளிர்ந்த வெப்பநிலையில் அடைகாக்கப்பட்ட அல்பினோ, சாக்லேட் போன்ற கரும்பழுப்பில் பிறப்பதால் அதைச் சாதாரணம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தலையிலுள்ள ஒரு புள்ளியை நெருக்கமாகப் படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள்: புள்ளியின் நடுப்பகுதி கரியைப் போல இருக்கிறதா, காப்பித்தூளைப் போல இருக்கிறதா என்பது அப்போது விளங்கும்.

அல்பினோ என்று உறுதியானால் எந்த வகை அல்பினோ என்பது அடுத்த கேள்வி. ‘ட்ரெம்பர்’, ‘ரெயின்வாட்டர்’, ‘பெல்’ என மூன்று தனித்தனி வகைகள் இருக்கின்றன. மூன்றும் ஒடுங்கு பண்புகள். மூன்றும் வெவ்வேறு மரபணுக்களில் நிகழ்ந்த மாற்றங்கள். ட்ரெம்பர் கண் பெரும்பாலும் வெள்ளி கலந்த சாம்பலாகச் செந்நரம்புகளோடும், பெல் கண் சிவப்புக் கூடியும் இருக்கும். பெல் வகையின் உடலில் பழுப்புப் பொட்டுகள் மிகுதி. ரெயின்வாட்டர் பெரும்பாலும் வெளிர்ந்து இளஞ்சிவப்புச் சாயல் கொண்டிருக்கும்.

‘பெரும்பாலும்’ என்ற சொல்லை வேண்டுமென்றே பயன்படுத்துகிறேன். இந்த அடையாளங்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. கண்ணை மட்டும் பார்த்து வகையை உறுதியாகச் சொல்பவர் ஊகம் செய்கிறார். பெற்றோர் விவரம் இல்லாதபோது ‘அல்பினோ, வகை தெரியவில்லை’ என்று எழுதுவதே நேர்மையான முடிவு.

இதில் இவ்வளவு கறார் ஏன் என்றால், தவறு அடுத்த தலைமுறைக்குப் போகும். ட்ரெம்பரையும் பெல்லையும் இணைத்தால் பிறப்பவை எல்லாம் சாதாரணமாகத் தோன்றும், ஆனால் இரண்டு மரபணுக்களையும் மறைவாகச் சுமக்கும். அந்தக் குஞ்சுகளைத் தங்களுக்குள் இணைத்தால், கணக்குப்படி 16ல் 9 சாதாரணமாகவும், 3 ட்ரெம்பராகவும், 3 பெல்லாகவும், 1 இரண்டுமாகவும் வரும். அல்பினோவாகத் தெரியும் அந்த ஏழில் எது எது என்று பார்வையால் பிரிக்க வழி இல்லை. சாதாரணமாகத் தெரியும் ஒன்பதிலும் எட்டு ஏதோ ஒன்றை அல்லது இரண்டையும் சுமந்துகொண்டிருக்கும். இப்படிக் கலங்கிய வம்சவழியைத் தெளிய வைக்கப் பல தலைமுறை ஆகும்.

6. வடிவக்கோலத்தைப் படியுங்கள்

நிறத்தை மறந்துவிட்டு, மேலிருந்து எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் கண்ணை இழுக்காதபோது கோலம் தானாகத் துலங்கும்.

சாதாரணக் கோலத்தில் உடலின் குறுக்கே பட்டைகளும் வாலில் வளையங்களும் இருக்கும். வளர்ந்த பின் உடற்பட்டைகள் புள்ளிகளாகச் சிதறினாலும் அவற்றின் சாயல் எஞ்சும். பட்டைகள் ஒழுங்கின்றி உடைந்து, வாலிலும் முழு வளையம் இல்லையென்றால் ஜங்கிள். முதுகெலும்பின் மேல் தலை முதல் வால் வரை வெளிர்ந்த கோடு ஓடி இருபுறமும் கருமை இருந்தால் ‘ஸ்ட்ரைப்’. நடுவே ஓடும் கோடு கருமையாக இருந்தால் ‘ரிவர்ஸ் ஸ்ட்ரைப்’. உடலிலோ வாலிலோ ஓர் இடத்தில் மட்டும் பட்டை பிசகியிருந்தால் ‘அபெரன்ட்’ என்பார்கள். மூக்கின் குறுக்கே மீசை போலத் தெளிந்த கரும்பட்டை இருந்தால் ‘பேண்டிட்’. இவை யாவும் ஒற்றை மரபணுவால் ஆனவை என்று எண்ணிவிடக் கூடாது. பல மரபணுக்கள் சேர்ந்து, தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்து வளர்க்கப்பட்டு வந்தவை. ஆகவே ஒரு ஸ்ட்ரைப்புக்குப் பிறந்த குஞ்சுகளில் ஸ்ட்ரைப்பும் ஜங்கிளும் சாதாரணமும் கலந்து வருவது இயல்பு.

கோலமே இல்லாத பல்லிதான் கடினமானது. வளர்ந்த நிலையில் ஒன்றுபோலத் தோன்றும் மூன்று வேறுபட்ட வழிகள் அங்கே வந்து சேருகின்றன. பிளிசார்ட் முட்டையிலிருந்து வரும்போதே கோலமற்று வரும். உடல் வெள்ளையிலிருந்து மஞ்சள் வரையும், சிலவேளை ஊதா படிந்த சாம்பலாகவும் இருக்கும், இமைப்பகுதி நீலம் பாரித்திருக்கும். ‘மர்ஃபி பேட்டர்ன்லெஸ்’ பிறக்கும்போது தெளிவற்ற திட்டுகளோடு பிறந்து, வளர வளர அவற்றை இழந்து, பசுமை கலந்த மஞ்சள் அல்லது சாம்பலில் நிலைபெறும். இவை இரண்டும் ஒடுங்கு பண்புகள், ஒன்றோடொன்று தொடர்பற்றவை. மூன்றாவது, புள்ளிகளை முற்றும் இழந்துவிட்ட ஆரஞ்சுப் பல்லி. அது குஞ்சில் தெளிவான பட்டைகளோடு இருந்திருக்கும்.

குஞ்சுப் படம் கேட்டது இதற்காகத்தான். பிறந்த வாரத்துப் படம் ஒன்று இருந்தால் மூன்றையும் ஒரு நொடியில் பிரித்துவிடலாம். இல்லையென்றால் வளர்ந்த பிளிசார்டையும் மர்ஃபியையும் பிரிப்பதில் அனுபவசாலிகளே தடுமாறுவார்கள்.

7. இப்போது தரைநிறம்

இதற்கு முன் வந்த எல்லாப் படிகளையும் முடித்த பிறகே நிறத்திற்கு வாருங்கள்.

மஞ்சள் இல்லாத, கறுப்பும் வெள்ளையும் மட்டுமே உடைய குஞ்சு ‘ஸ்னோ’ வகையைச் சேர்ந்தது. அதில் ‘மேக் ஸ்னோ’ முழுமையற்ற ஓங்குதன்மை கொண்டது: ஒரு படி இருந்தால் மேக் ஸ்னோ, இரண்டு படி இருந்தால் சூப்பர் ஸ்னோ. மேக் ஸ்னோ வளர வளர இளமஞ்சள் ஏறிவிடும். ஒரு வயதில் பார்ப்பவர் அதை வெளிர்ந்த சாதாரணப் பல்லி என்று கடந்துபோவார். சூப்பர் ஸ்னோ குஞ்சு பட்டைகள் இல்லாமல் கரும்பலகைச் சாம்பலில் பிறந்து, பிறகு வெள்ளை உடலில் வரிசை வரிசையான கரும்புள்ளிகளைப் பெறுகிறது. கண் முழுக் கறுப்பு என்று நான்காம் படியில் சொன்னது இதைத்தான். புள்ளிகள் வரிசையில் நிற்பதும், மஞ்சள் அடியோடு இல்லாததும் எக்லிப்ஸிலிருந்து இதைப் பிரிக்கும்.

‘டக் ஸ்னோ’, ‘ஜெம் ஸ்னோ’ என்று வேறு வழிகளும், தெரிவு செய்தே வெளிறவைத்த வழிகளும் இருக்கின்றன. ஒரு படி அளவில் இவையெல்லாம் பார்வைக்கு மேக் ஸ்னோ போலவே இருக்கும். ஆகவே பெற்றோர் தெரியாத பல்லிக்கு ‘ஸ்னோ’ என்பதோடு நிறுத்துங்கள். இரண்டு மேக் ஸ்னோக்களை இணைத்தால் ஒவ்வொரு முட்டைக்கும் நான்கில் ஒன்று என்ற வாய்ப்பில் சூப்பர் ஸ்னோ வரும். ஒரு பெற்றோரோ குஞ்சோ சூப்பர் ஸ்னோ என்று தெரிந்தால் ‘மேக்’ என்று எழுத வலுவான காரணம் கிடைக்கிறது.

ஆரஞ்சு நிறம் ‘டேஞ்சரின்’. இது பல்மரபணுப் பண்பு. இருக்கிறது, இல்லை என்று பிரியாமல் கூடக் குறைய வரும். ஒவ்வொரு வளர்ப்பாளரும் தம் வழிக்குத் தனிப்பெயர் வைத்திருப்பார். அந்தப் பெயர் குடும்பப் பெயரைப் போன்றது. வம்சாவளி இருந்தால்தான் செல்லும், நிறத்தைப் பார்த்து ஒட்டவைக்க முடியாது. கருமையைக் கூட்டித் தெரிவு செய்த ‘பிளாக் நைட்’ வழிக்கும் இதே விதி.

புள்ளிகளை எண்ணும் முறை எளிது, ஓராண்டு நிறைந்த பல்லியில் மட்டும் செய்யுங்கள். தலையையும் வாலையும் விட்டுவிட்டு உடலில் பத்துக்கும் குறைவான புள்ளிகள் இருந்தால் ‘ஹைப்போ’. ஒன்றுமே இல்லையென்றால் ‘சூப்பர் ஹைப்போ’. தலையிலும் புள்ளி இல்லையென்றால் ‘பால்டி’ என்பதைச் சேர்க்கலாம். வாலில் ஏறத்தாழ 15 விழுக்காடாவது ஆரஞ்சு இருந்தால் ‘கேரட் டெயில்’ என்பது வழக்கம். வால் மறுபடி முளைத்ததாக இருந்தால் இந்தச் சொல்லைத் தொடாதீர்கள். சூப்பர் ஹைப்போவில் உள்ள ‘சூப்பர்’ வெறும் அளவுச்சொல், சூப்பர் ஸ்னோவில் உள்ள ‘சூப்பர்’ இரண்டு படி மரபணுவைக் குறிப்பது. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதால் விளைந்த தவறான இணைப்புகள் கொஞ்சநஞ்சமல்ல.

8. உடல்நலத்தைத் தொடும் மூன்று வகைகள்

‘எனிக்மா’ ஓங்கு பண்பு, அதாவது மரபணுவின் ஒரு படி இருந்தாலே வெளிப்படும். குஞ்சில் பட்டைகளுக்குப் பதிலாக ஒழுங்கற்ற திட்டுகளும், வெளுத்த வாலும் இருக்கும். இதோடு நரம்புக் கோளாறு ஒன்று ஒட்டிக்கொண்டே வருகிறது: தலை ஒருபுறம் சாய்தல், வட்டமடித்தல், மேல்நோக்கி வெறித்தல், இரையைக் குறிதவறிக் கடித்தல். அறிகுறி இல்லாத எனிக்மாக்களும் உண்டு என்பதால், நன்றாக நடக்கிறது என்ற காரணத்தால் எனிக்மா இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

‘ஒயிட் அண்ட் யெல்லோ’ வகையும் ஓங்கு பண்பு. பக்கவாட்டும் கால்களும் வெளுத்து, கோலம் குலைந்திருக்கும். குஞ்சுப் பருவத்தில் எனிக்மாவோடு இதை மாற்றி எழுதுபவர்கள் அதிகம். பெற்றோரைக் கேளுங்கள்: ஓங்கு பண்பு தலைமுறை தாண்டி ஒளிந்து வராது. தாய் தந்தை இருவரில் எவரிடமும் அது இல்லையென்றால் குஞ்சிடமும் இல்லை.

‘லெமன் ஃப்ராஸ்ட்’ பளிச்சிடும் மஞ்சளும், மினுங்கும் வெள்ளை வயிறும், வெளுத்த ஐரிஸும் கொண்டது. அந்த வெண்மையைத் தரும் நிறமிச் செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகிக் கட்டிகளாவதே இதன் துன்பம். 2021ல் வெளியான ஆய்வு இதை ஸ்பின்ட்1 என்னும் மரபணுவோடு தொடர்புபடுத்தியது. இரண்டு படி பெற்ற பல்லிகளில் தோலே தடித்துவிடும். இனங்கண்டுவிட்டால் இனப்பெருக்கத்தில் சேர்க்காதீர்கள், தோலையும் வயிற்றையும் மாதம் ஒருமுறை தடவிப் பாருங்கள், கட்டி தென்பட்டால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த ஒரு வகையில் இனங்காணல் என்பது பொழுதுபோக்கு எல்லையைத் தாண்டிவிடுகிறது.

9. கூட்டுப்பெயர்களைப் பிரித்து எழுதுங்கள்

விற்பனைப் பெயர்கள் பல பண்புகளின் கூட்டு. ‘ராப்டர்’ என்றால் ட்ரெம்பர் அல்பினோவும் எக்லிப்ஸும் சேர்ந்து, கோலம் குறைந்து ஆரஞ்சு ஏறியது. பெல்லும் எக்லிப்ஸும் சேர்ந்தால் ‘ரேடார்’. ரெயின்வாட்டரும் எக்லிப்ஸும் சேர்ந்தால் ‘டைஃபூன்’. பிளிசார்டும் அல்பினோவும் சேர்ந்தது ‘பிளேசிங் பிளிசார்ட்’. பிளிசார்டும் ராப்டரும் சேர்ந்தது ‘டியாப்லோ பிளாங்கோ’. பிளிசார்டும் மர்ஃபியும் சேர்ந்தால் ‘பனானா பிளிசார்ட்’. சூப்பர் ஹைப்போ டேஞ்சரினும் அல்பினோவும் சேர்ந்தால் ‘சன்க்ளோ’.

சிவந்த கண் உடைய எல்லாவற்றையும் ராப்டர் என்று அழைப்பது பரவலான பிழை. ராப்டர், ரேடார், டைஃபூன் மூன்றின் கண்ணும் சிவப்பே. வேறுபாடு அல்பினோ வகையில் இருக்கிறது, அது ஐந்தாம் படியில் சொன்னபடி பெற்றோர் வழியே மட்டும் உறுதியாகும். எனவே கூட்டுப்பெயரை விட்டுவிட்டு, உறுப்புகளாக எழுதும் பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். ‘அல்பினோ (வகை தெரியாது), எக்லிப்ஸ், ரிவர்ஸ் ஸ்ட்ரைப்’ என்று எழுதப்பட்ட குறிப்பில் ஓர் உறுப்பு தவறென்று பின்னால் தெரிந்தால் அதை மட்டும் திருத்தலாம்.

10. கண்ணுக்குத் தெரியாத மரபணு

ஒடுங்கு பண்பின் ஒரு படியை மட்டும் சுமக்கும் பல்லியை ‘ஹெட்’ என்பார்கள். ஹெட் பார்வைக்குத் தெரியாது. ‘இதன் முகத்தைப் பார்த்தாலே ஹெட் எக்லிப்ஸ் என்று தெரிகிறது’ என்று சொல்வோரை நம்பி இணை சேர்க்காதீர்கள்.

விற்பவர் எழுதும் விழுக்காடு, அந்தப் பல்லி ஹெட்டாக இருக்கும் வாய்ப்பைச் சொல்கிறது. அல்பினோவுக்கும் சாதாரணத்துக்கும் பிறந்த குஞ்சு அனைத்தும் 100 விழுக்காடு ஹெட். இரண்டு ஹெட்டுகளுக்குப் பிறந்து சாதாரணமாகத் தெரியும் குஞ்சு 66 விழுக்காடு ஹெட். மூன்றில் இரண்டு என்பது அதன் பொருள். ஒரு ஹெட்டுக்கும் மரபணு இல்லாத சாதாரணத்துக்கும் பிறந்தது 50 விழுக்காடு. ‘66 விழுக்காடு ஹெட்’ என்பதை அந்த மரபணு உடலில் 66 பங்கு ஊறியிருக்கிறது என்று புரிந்துகொண்டவரை நான் ஒருமுறை சந்தித்திருக்கிறேன். குழம்பியது அவர் குற்றமில்லை, எழுத்துமுறை அப்படி.

உறுதி செய்ய வளர்ப்போர் கையாளும் வழி சோதனை இணைப்பு. ஐயத்துக்குரிய பல்லியை அந்தப் பண்பு வெளிப்படையாக உள்ள பல்லியோடு சேர்த்தால், அது ஹெட்டாக இருக்கும்பட்சத்தில் ஒவ்வொரு குஞ்சிலும் பாதிக்குப் பாதி வாய்ப்பில் பண்பு வெளிப்படும். ஒரு குஞ்சு வெளிப்பட்டாலே ஹெட் மெய்யானது. வெளிப்படாவிட்டால் அவசரப்பட வேண்டாம்: இந்தப் பல்லி ஒரு ஈட்டில் பெரும்பாலும் இரண்டு முட்டைகளே இடும், ஹெட்டாக இருந்தும் இரண்டு குஞ்சும் சாதாரணமாக வருவதற்கு நான்கில் ஒன்று வாய்ப்பு உண்டு. எட்டுக் குஞ்சுகள் தொடர்ந்து சாதாரணமாக வந்தால், ஹெட்டாக இருந்தும் அப்படி நேரும் வாய்ப்பு 256ல் ஒன்றாகச் சுருங்கிவிடும். பிறக்கும் குஞ்சுகள் அத்தனைக்கும் இடமும் தீனியும் இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள்.

11. குறிப்பு எழுதும் முறை

ஒரு பல்லிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அதை மூன்று தலைப்பாகப் பிரியுங்கள்: கண்டது, பெற்றோர் வழி அறிந்தது, ஊகம். என் குறிப்பேட்டிலிருந்து ஒரு பக்கம் இப்படி இருக்கிறது. கண்டது: வலக்கண் முழுக் கறுப்பு, இடக்கண் பாதிக் கறுப்பு, மூக்கு நுனி வெண்மை, உடலில் மூன்று கரும்புள்ளி, வால் இயல்பானது, வயது 14 மாதம். பெற்றோர் வழி அறிந்தது: தாய் எக்லிப்ஸ், தந்தை ட்ரெம்பர் அல்பினோ, ஆகவே இது ட்ரெம்பருக்கு 100 விழுக்காடு ஹெட், கண் எக்லிப்ஸாக வெளிப்பட்டிருப்பதால் தந்தையும் எக்லிப்ஸுக்கு ஹெட்டாக இருந்திருக்க வேண்டும். ஊகம்: தரைநிறத்தில் டேஞ்சரின் கலப்பு இருக்கலாம்.

பெயர் என்ற இடத்தில் கண்டதிலிருந்தும் பெற்றோர் வழி அறிந்ததிலிருந்தும் மட்டும் எடுத்து எழுதுங்கள்: எக்லிப்ஸ், ஹைப்போ, ஹெட் ட்ரெம்பர். பல்லியை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது அந்தப் பக்கத்தையும் படங்களையும் சேர்த்தே கொடுங்கள். ஓராண்டுக்குக் குறைந்த பல்லியானால் பக்கத்தின் மேல் மூலையில் பென்சிலால் பிறந்த தேதியை எழுதி, பன்னிரண்டாம் மாதத்தில் அதே சன்னலில், அதே வெள்ளைக் காகிதத்தில் மறுபடியும் படம் எடுத்து ஒட்டுங்கள்.